காய்ச்சல் விட்ட நாளில் வளைகாப்பு

"…பெத்துப் பொழைக்கிற வரைக்கும் கையிலேர்ந்து இறக்கக் கூடாதுங்க சிஸ்டர், குழந்தைக்கு ஆகாது," என்றார் என் சம்பந்தியம்மா. கட்டிலில் என் மகள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். டிரிப்ஸ் ஏற்ற வந்த நர்ஸ் திகைத்து நிற்கிறார்.

குத்தாலத்திலிருந்து சீர்த்தட்டுகளோடு நாங்கள் சம்பந்தி வீட்டில் வந்து இறங்கியதே அன்று காலையில்தான். ஏழாம் மாத வளைகாப்பு. மகள் முகம் வெளுத்துக் கிடந்தது. நாலு நாளாகக் காய்ச்சலாம்! விசேஷம் நின்றுவிடும் என்று எங்களிடம் மூச்சுவிடவில்லை. மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு சரி. பந்தல்காரருக்குப் பத்துத் தடவை போன் போட்டவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "அதான் காய்ச்சல் விட்டுருச்சே சம்பந்தி. வந்த சனம் என்ன நினைக்கும்?" என்றார் சம்பந்தியம்மா.

"வயிறு வலிக்குதும்மா," என்றாள் மகள்.

"புள்ளத்தாச்சிக்கு வலிக்காம, எனக்கா வலிக்கும்?" என்று அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் சொல்ல, கூடமே சிரித்தது. வாந்தி எடுத்தாள். அதற்கும் சிரிப்பு. ஊட்டிய தயிர்சோறு வாயிலிருந்து சிவப்பாக வழிந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பல் ஈறில் ரத்தம். அப்புறம்தான் தஞ்சாவூருக்குக் கார்.

"டெங்கும்மா," என்றார் டாக்டரம்மா. "காய்ச்சல் விடுற நேரத்துலதான் இது ரொம்ப மோசமாகும். ரத்தப்போக்கு வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. குறைமாசத்துலயே வலி கண்டுரலாம்." தண்ணி வடிஞ்சப்புறம்தான் பயிர் அழுகினது தெரியும் என்போம் எங்கள் பக்கம். எத்தனை வெள்ளம் பார்த்த சனம்! வயல் விஷயத்தில் தெரிந்தது வயிற்றுப் பிள்ளைக்காரி விஷயத்தில் தெரியாமல் போயிற்றா?

"வளையலைக் கழட்டிருங்க. உடைஞ்சு கீறினாக்கூட ரத்தம் லேசுல நிக்காதும்மா," என்றார் நர்ஸ். அதற்குத்தான் சம்பந்தியம்மா ஆகாது என்றது.

வெடித்துவிட்டேன். "வளையலைக் கழட்டினா ஆகாது. கொல்லையில டிரம் டிரம்மா மூடாத தண்ணி, அதுல கொசுப்புழு நெளியுது, அது மட்டும் ஆகுமா? இங்க படுத்திருக்கறது பொண்ணுங்க, வளையல் ஸ்டாண்டு இல்ல!"

சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை. மருமகளின் உதட்டோரம் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். எழுந்து போய் சோப்பை நனைத்து வந்தார். அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து, காலையில் தான் முதலில் போட்ட வேப்பங்காப்பைக் கழற்றினார். பிறகு, "உடையாம வா, உடையாம வா" என்று முணுமுணுத்தபடி, ஒவ்வொரு வளையலாக வழுக்கி எடுத்துத் தன் முந்தானையில் போட்டுக்கொண்டார்.