சாட்சிக்கு ஒரு ஆள்

சமயநல்லூர் பஸ்ஸில் தினமும் பக்கத்து இருக்கையில் கைக்குட்டையை விரித்து எனக்கு இடம் பிடித்து வைப்பார் அவர். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, செல்லூரில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சாயம் பூசாத நரை.

மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறேன். அவங்களும் என்னை மாதிரி தனியாத்தான் இருக்காங்க. எம் மகங்க ரெண்டு பேரும் வரமாட்டோம்னுட்டாங்க. வியாழக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுல சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது. வாரீங்களா?"

மகன்களின் கோபத்தில் நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"லீவு கிடைக்காது சார்" என்றேன்.

"சரி தம்பி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் அதே பஸ்ஸில்தான் வருவார் என்று, அவர் முகத்தில் விழிக்கக் கூசி, லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா படுத்திருந்தேன்.

அதன்பிறகு வேறு பஸ்ஸில் போய்வந்தேன். இரண்டு வாரம் கழித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவரையும் அவர் கட்டிக்கொண்ட அம்மாவையும் பார்த்தேன். அந்த அம்மா ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, அதுக்கென்ன. நம்ம கண்டக்டர் வந்து கையெழுத்துப் போட்டாரு" என்றவர், அந்த அம்மாவிடம் திரும்பி, "இவருதான் நான் சொன்ன சிநேகிதரு" என்றார்.

என்னைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.