ராகு காலத்தில் நின்ற மெயில்

மூத்த பேரன் வங்கியில் இருக்கிறான். அடுத்தவன் டாக்டருக்குப் படிக்கிறான். பேத்தி செல்வி பெங்களூரில் இன்ஜினியர். லீவுக்குக் கோவில்பட்டி வந்திருக்கிறாள்.

அவளுடைய அதிகாரி, தான் தேர்ந்தெடுத்த அதிவேக சிக்னல் சுவிட்ச், கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஈதர்நெட் லைனுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார். இன்று காலை, வேகம் சரியாக இருக்கவே, 'பொருந்தும்' என்று மெயில் அனுப்பப் போனாள்.

"ஏட்டி, ராகு காலம் முடியட்டும்" என்று தடுத்தேன்.

"அவசரம் தெரியாம பேசுதீங்க ஆச்சி!"

முனகிக்கொண்டே சுவிட்சின் விவரத்தை மறுபடி படித்தவள் கத்தினாள்.

"ஐயோ! வேகம் சரிதான் ஆச்சி, வோல்டேஜத்தான் இது தாங்காது. இதைப் போட்ட அத்தனை சர்க்யூட் போர்டும் எரிஞ்சு போயிருக்கும்!"

'பொருந்தாது' என்று அனுப்பிவிட்டாள். அதிகாரியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அவர் தேர்ந்தெடுத்ததையே வேண்டாமென்றதில் கோபித்துக்கொள்வாரோ என்று எங்கள் இருவருக்கும் பயம்.

உன் புதுப் போட்டோ ஒன்று இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் போடடி என்றால், "வேலை இருக்கான்னு தெரியட்டும் ஆச்சி" என்கிறாள்.

இதைப் படிக்கிற நீங்களாவது அவளிடம் போட்டோ கேளுங்களேன்.