கார்க் கதவும் நர்ஸம்மாவும்

செம்பாக்கத்திலிருந்து வேங்கைவாசல் வரைக்கும் எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் போலியோ சொட்டு என்று கேட்டால், நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவாள் கனகவல்லி. அரசாங்கத்துக்கு அவள் கிராம சுகாதாரச் செவிலி, ஊருக்கு நர்ஸம்மா. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஐஸ் உருகி மருந்து வீணாகிவிடும் என்று, கல்யாணமாகி இருபத்தெட்டு வயதில், முட்டி தேய விழுந்து எழுந்து சைக்கிள் பழகினவள். ஐந்து வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை.

அவள் இடிக்காவிட்டால் ஆயிற்றா? வேளச்சேரி சாலையில் சைக்கிள்காரர்களை எவன் மனுஷராக மதித்தான்? லாரிக்காரன் ஹாரன் அடித்தே மண்ணில் இறக்கிவிடுவான். பஸ்காரன் அதுவும் அடிக்க மாட்டான், உரசிக்கொண்டே போவான். கார் வாங்கினவர்களுக்கோ தார் ரோடு அப்பன் வீட்டுச் சொத்து.

எண்பத்தெட்டாம் வருஷம், ஒரு புதன்கிழமை காலை. ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடையோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. சைக்கிளில் வந்த கனகவல்லி அதைத் தாண்டப் போன நொடியில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. கண்ணாடியில் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை, ம்ஹும், எதுவும் கிடையாது. கதவில் மோதி ரோட்டில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மருந்துப் பெட்டி உடைந்து, ஐஸும் குப்பிகளும் தாரில் சிதறின.

காரிலிருந்து இறங்கியவர் துளசிங்கம். நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுப் புதுப் பணக்காரரானவர். "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினார். கதவைத் திறந்தது இவர், திட்டும் இவருடையதே!

விழுந்த வேகத்தில் கனகவல்லியின் கால், இறங்குவதற்காக அவர் வெளியே நீட்டியிருந்த முழங்காலில் பட்டிருந்தது. கால் பட்டால் நாமெல்லாரும் என்ன செய்வோம்? அதையேதான் அவளும் செய்தாள். முறிந்த கை தொங்க, இடது கையால் அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. அதுதான் வினையாகிவிட்டது.

மருந்து வீணானதற்கு ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். "உன் தப்பு இல்லேன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாம்மா. இல்லேன்னா சஸ்பெண்ட் பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்லை" என்றார் சுகாதார நிலையத்து டாக்டர் ஸ்ரீநிவாசராகவன்.

மறுநாள் மாவுக்கட்டோடு ஸ்டேஷனுக்குப் போனாள். துளசிங்கம் அவளுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். ரைட்டர் தான் எழுதிவைத்திருந்ததை வாசித்தார். "சைக்கிளில் வந்த பெண் காரில் மோதி, தன் தவறை உணர்ந்து, உரிமையாளரின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார்."

"யார் மன்னிப்புக் கேட்டது?" என்றாள் கனகவல்லி.

"இன்னாம்மா இது, டீக்கடையில பத்து பேரு பாத்துகினு இருந்தாங்க. என் காலத் தொட்டியா இல்லியா? சத்தியம் பண்ணிச் சொல்லு" என்றார் துளசிங்கம்.

தொட்டது நிஜம். அதை இல்லையென்று எப்படிச் சொல்வது? ரைட்டர் காகிதத்தை நகர்த்தி, "கையெழுத்தப் போடும்மா, வேலை கெடக்கு" என்றார்.

"போட முடியாது!" என்று தள்ளினாள். காகிதம் ஃபேன் காற்றில் பறந்துபோய்த் துளசிங்கத்தின் செருப்புக்கடியில் விழுந்தது. ஐயையோ என்று அவர் அவசரமாகக் குனிந்து எடுத்தார். எடுத்த கையோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

கனகவல்லி விடுவாளா?

"இப்ப இன்னா தப்பு பண்ணீங்க, சார்?"

"தப்பா? நானா?"

"அந்தப் பேப்பர்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?"

"மன்னிப்பாவது ஒண்ணாவது! காலு பட்டுச்சு, ஒத்திக்கினேன். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். என் காலும் உங்க மேல பட்டுச்சு, நானும் ஒத்திக்கினேன். அவ்ளோதான். உங்க கதவுல வந்து வுழுந்ததுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? காயிதத்துக்குக் குடுக்கற மரியாதைய ரோட்ல வர்ற மனுஷிக்குக் குடுத்திருந்தா, என் கை ஒடிஞ்சிருக்காது."

ரைட்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். புதுக் காகிதம் ஒன்றை எடுத்து எழுதி, உரக்க வாசித்தார். "கார் உரிமையாளர் தெரியாமல் கதவைத் திறந்ததில், சைக்கிளில் வந்த பெண் அடிபட்டு..."

"ஆமா சார், தெரியாமதான்" என்று துளசிங்கம் பிடித்துக்கொண்டார்.

"தெரியாமன்னு எழுதாதீங்க, சார்" என்று ஆத்திரத்தோடு குறுக்கிட்டாள் கனகவல்லி. "ரோட்ல ஆளுங்க வருவாங்கன்னு இவருக்குத் தெரியாதா? கதவு இடிச்சா கை ஒடியும்னு தெரியாதா? எல்லாம் தெரியும். பாக்கல. பார்க்காமல்னு எழுதுங்க."

ரைட்டர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'பார்க்காமல்' என்று மேலே எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை கனகவல்லி உட்காரவில்லை. பிறகு பேனாவை இடது கையில் வாங்கி, தன் பெயரின் ஆறு எழுத்தையும் கோணல்மாணலாகப் போட்டாள்.