ஒரே பெயரில் மூன்று கட்சிகள்

அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருவுக்கு அப்போது பத்திரிகை வாசித்தவன் நான்தான். வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்கள். அது காயும்வரை யாரும் கையை எடுக்க முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும். முந்தின நாள் பேப்பரைத் தமிழில் வாசித்து, புரியாததை எங்கள் வீட்டுத் தெலுங்கில் விளக்குவேன். நான் வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். அந்தச் சுகம் என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருடம் சித்தப்பா மகன் மதுரையில் காலேஜ் முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே பெயர், எங்கள் தாத்தாவின் பெயர். எங்கள் சனத்தில் ஒரே பெயரோடு இரண்டு பேர் இருந்தால், ஒரே தாத்தாவின் பேரன்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவனோ இங்கிலீஷ் பேப்பரே படிப்பான். வெள்ளைச் சட்டையும் அவனும்! பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் அமெரிக்கத் தேர்தல் செய்தி வந்தது. இரண்டு பெரிய கட்சிகளை எதிர்த்து ஒரு சின்னக் கட்சி புறப்பட்டிருக்கிறது, அதே பெயரில் முன்பும் இரண்டு கட்சிகள் இருந்தன என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அவனும் பாவோரம் நிற்கிறானே, விடுவேனா?

"மூணும் ஒரே தாத்தா வழி. அதான் பேரை விடாம வச்சிருக்காக," என்று அடித்துவிட்டேன்.

"அப்படித்தான இருக்கும்," என்றார் கஞ்சி தடவிக்கொண்டிருந்த மாமா.

"இல்லண்ணே," என்றான் அவன், மரியாதையாக. அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சல். "மூணுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. முப்பத்தாறு வருசத்துக்கு முந்தி ஒருத்தரு தனக்குன்னு ஆரம்பிச்சாரு. தோத்தாரு, கட்சியும் போச்சு. பன்னெண்டு வருசம் கழிச்சு வேறொருத்தரு. இப்ப இன்னொருத்தரு. பேரு நல்லாருக்குன்னு எடுத்துக்கிட்டாக, அம்புட்டுத்தான்."

மாமா கையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட! பேரு ஒன்னா இருந்தா வெவரமும் ஒன்னா இருக்குமா என்ன?" என்றார். தெருவே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன், வேறென்ன செய்ய?

மறுநாள் பேப்பர் வந்ததும் மாமா எங்கள் பெயரைச் சொல்லி, "வந்து வாசிப்பா," என்று குரல் கொடுத்தார். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டினேன்.

"நீ இல்லப்பா," என்றார் அவர். "நீ இந்தப் பக்கம் வந்து கஞ்சி போடு."