கிண்டி லாயத்தில் கொடி இறங்கும் நேரம்

போன மாதம் தாம்பரத்தில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டு, காலை மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி கிண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஜன்னல் வழியே பார்த்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்கள் டிபன் காரியரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடி வருகிறார்கள். ரயிலுக்கு ஓடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். இவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பின்னால், ஒரு பழைய கட்டிடத்தின் வாசலில், ஓர் அம்மாள் கையில் கொடியோடு நின்றாள்.

பக்கத்து ஸீட்டுக்காரரிடம் விசாரித்தேன். "லாயத்து ஆளுங்க சார். டெய்லி இதே கூத்துதான்," என்றார். அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதைப் பக்கத்தில் போய்ப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஆபீசுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லி வைத்தேன். வீட்டில்தான் தடை. "கிண்டிக்கா? ரேஸ் பக்கமா? நம்மாத்துல இதுவரைக்கும் அந்தத் திக்குல யாரும் தலை வச்சுப் படுத்ததில்லையே!" என்றாள் என் சம்சாரம். பந்தயம் கட்ட மாட்டேன் என்று கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்த பிறகே காபி கிடைத்தது.

மயிலாப்பூர் குளத்தங்கரையில் விடியற்காலை பஸ் பிடித்தேன். பெட்ரோலுக்குப் பஞ்சமான இந்த யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடும், ஆனால் அவசரப்படாது. தேனாம்பேட்டையில் ஒருமுறை நின்றது. கண்டக்டர் இறங்கிப் பின்பக்க அடுப்பைக் கிளறிவிட்டு, "இன்னா சாமி, கீழ எறங்கிட்டீங்க? ஏறுங்க, மூச்சு வந்துடுச்சு!" என்றார். பனகல் பார்க் வரை இரண்டணா. அங்கிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ஏறினால், சைதாப்பேட்டை, அடையாற்றுப் பாலம், அடுத்தது கிண்டி. பாலத்தின் மேல் வரும் காற்றுக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

ஸ்டேஷனிலிருந்து லாயம் சரியாக இரண்டு ஃபர்லாங். ஒரு ஜமீன்தாரின் பந்தயக் குதிரைகள் நின்ற இடம் அது. யுத்தம் ஆரம்பித்ததும் அவர் குதிரைகளை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டார். குதிரைக்காரர்களும் ஜாக்கிகளும் போக இடமில்லாமல் லாயத்திலேயே குடியேறி, கடற்கரைப் பக்கம் கிடைத்த வேலைகளுக்கு ரயிலில் போய் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் லாயக் கதவுதான்: கீழ்ப்பாதி சாத்தியிருக்கும், மேல்பாதி திறந்திருக்கும். பெண்கள் கீழ்க்கதவில் கையை ஊன்றிக்கொண்டு எதிர்வீட்டோடு பேசுகிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிடு போட்டேன்.

கொடிக்கார அம்மாளின் பெயர் சாந்த் பீ. ஜாக்கிகளுக்குப் பட்டுச் சட்டை தைத்தவர். மிச்சத் துணியில் தைத்த கொடிதான் அவர் கையில் இருப்பது, பாதி மஞ்சள், பாதி ஊதா.

"பாக்க வந்தீங்களா, ஓட வந்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்க்கத்தான்."

"சும்மா பாக்கறவங்களுக்கு இங்க இடம் கெடையாது. கோட்டுல நில்லுங்க."

விருந்தாளிக்கும் விலக்கு இல்லை. நின்றேன். வாசலில் சுண்ணாம்புக் கோடு. ஏழேகால் வண்டிக்கு ஸ்டேஷன் கைகாட்டி இறங்கினால் கொடி இறங்கும். கொடி இறங்காமல் ஒரு கால் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒருவர் முந்தினாலும் எல்லோரும் திரும்பி வந்து மறுபடி நிற்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு அன்றைக்கு ஜன்னல் ஸீட்டு. முந்தின குற்றவாளி எத்தனை வேகமாக வந்தாலும் கணக்கில் கடைசி. குதிரைகள் இருந்த காலத்துச் சட்டம், குதிரைகள் போன பிறகும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. முன்கூட்டியே கிளம்பி நிதானமாக நடந்து போகலாமே என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் சின்னக்கண்ணு. பழைய ஜாக்கி, என் தோள் உயரம்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. துறைமுகத்தருகே ஒரு கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலை. இன்னொரு தரம் தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் என்று முதல்நாள் மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

"இந்த வண்டிய வுட்டா வேல போச்சு நைனா," என்றார். "வூட்ல மூணு புள்ள கீது."

அவர் மனைவி எதிர்க்கதவின் மேல் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகாட்டி அசைந்த மாதிரி இருந்தது. காற்றுதானோ என்னவோ. சின்னக்கண்ணு பாய்ந்துவிட்டார்! அவர் பாய்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் பாய்ந்தார்கள். நானும்தான். "திரும்பு!" என்று சாந்த் பீ போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. கொடி இன்னும் மேலேதான் இருந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். சின்னக்கண்ணு நடுவழியில் நின்றுவிட்டார்.

"யோவ், போய்க்கினே இருய்யா! திரும்பாத!" என்று கத்தினாள் அவர் மனைவி. "புள்ளைங்கள நெனச்சுப் பாருய்யா!"

எனக்கும் அதேதான் தோன்றியது. போங்களேன் ஐயா, யார் கேட்கப் போகிறார்கள்! சாந்த் பீ கொடியை இறக்கவில்லை. அந்த மனிதர் ஒரு கணம் ஸ்டேஷனைப் பார்த்தார். பிறகு திரும்பி ஓடி வந்து கோட்டில் நின்றார். அப்போதுதான் கைகாட்டி நிஜமாகவே இறங்கியது. வரிசையில் ஒருவர் கால் கோட்டுக்கு முன்னால் இருந்தது. சாந்த் பீ அதையும் சரிபண்ணச் சொன்னார். பரங்கிமலைப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

கொடி இறங்கியது.

அப்புறம் ஓடினேன் என்பதைவிட இழுத்துக்கொண்டு போகப்பட்டேன் என்பதுதான் சரி. ஒரு கையில் வேட்டி, மறுகையில் செருப்பு. முன்னால் சின்னக்கண்ணு வேலியை ஒட்டி, உடம்பை வளைத்து, கூட்டத்தின் இடுக்கில் புகுந்து ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருந்தார். கதவுகளிலிருந்து பெண்கள் கூவினார்கள். அவர் மனைவிதான் எல்லோரையும்விட உரக்கக் கூவினாள். நாங்கள் பிளாட்பாரத்தில் ஏறவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முதலில் ஏறியவர் சின்னக்கண்ணு. கடைசியில் என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

உள்ளே ஜன்னல் ஸீட்டு காலியாகத்தான் இருந்தது. சின்னக்கண்ணு அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்துவிட்டுக் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. உட்காரச் சொன்னேன்.

"வேணாம் நைனா. நான் கடைசி," என்றார். அப்போதுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, வெட்கமில்லாமல் அவர் பின்னாலேயே போனேன். கிடங்கின் கேட் திறந்திருந்தது. அவர் உள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவே மறைந்த பிறகுதான் சங்கு ஊதியது. தெருவில் நின்று தனியாகக் கை தட்டினேன். போனவர்கள் வந்தவர்களெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் என்ன?

போக நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். வேலைநாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லோரும் தூங்குவார்கள். திரும்புகிற டிக்கெட்டையும் ஸ்டேஷனில் இறங்கியவுடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நேரம் இருக்காது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்வது உத்தமம். செருப்பு வேண்டாம். கைகாட்டியைப் பார்க்காதீர்கள், கொடியைப் பாருங்கள். உங்களால் பதின்மூன்று பேர் திரும்பி வர நேர்ந்தால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க உங்களுக்குத் தைரியம் போதாது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

"பந்தயம் கட்டினேளா?"

"கட்டலை. ஓடினேன்."

என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"எத்தனாவதா வந்தேள்?"

"கடைசிக்கு முன்னால்."

"உங்களுக்கும் பின்னாடி ஒருத்தர் வந்தாரா?"

"இல்லை," என்றேன். "அவர்தான் முதல்ல வந்தார்."