எந்தச் சபை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆலயத்துக்கு வருகிறவர்களைவிட, அந்த வாசலைத் தாண்டி டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அதிகம். போதகருக்கு அது பெரிய கவலை.

"மதிலுக்குள்ளை இருந்து பாட்டுப் பாடினது காணும். இனி ஆளுக்கொரு வீட்டை போங்கோ. பிரசங்கம் வேண்டாம். அவையின்ரை கவலையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ, செபிப்பம்" என்று ஆளுக்கொரு கொப்பி தந்தார்.

எனக்கு விழுந்தது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. படலையில், 'மதம் மாற்ற வருவோர் உள்ளே வரவேண்டாம்' என்று எழுதியிருந்தது. மூன்று தரம் வாசித்தேன். திரும்பிப் போனால் போதகருக்கு என்ன சொல்வது? உள்ளே போனால் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது? நான் யோசித்து முடிப்பதற்குள், இடுப்பிலிருந்த மகள் படலைக் கொண்டியைப் பிடித்து ஆட்டிவிட்டாள்.

"ஆரது?" நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அன்ரி வந்தார்.

'ஆலயத்திலிருந்து' என்று சொல்ல வாயெடுத்தேன். படலை எழுத்து கண்ணில் குத்தியது.

"சபையிலையிருந்து வாறன், அன்ரி."

பொய்யில்லை. ஆலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அன்ரியின் முகம் மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ! மழை பெய்தா வாய்க்கால் தண்ணி முழுக்க என்ரை வீட்டு முத்தத்திலைதான். உந்த முன்வீட்டுக்காரர் வெட்டின வாழைக்குத்தியை அதுக்குள்ளை போட்டிட்டார். எழுதுங்கோ."

வாய்க்கால், தெருவிளக்கு பார்க்கிற பிரதேச சபை என்று நினைத்துவிட்டார்! உடனே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. மகளின் கையில் பிஸ்கட்டும் ஏறிவிட்டது. 'செப விண்ணப்பம்' என்ற தலைப்பின் கீழ், 'வாய்க்காலில் வாழைக்குத்தி' என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு போதகர் ஒவ்வொரு கொப்பியாக வாசித்தார். நோய், பரீட்சை, மகனின் விசா. என் கொப்பியை வாசித்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பின்வரிசை வாங்கில் சிரிப்பு. எனக்கு வாங்குக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது.

"உதுக்கு மண்வெட்டியோடைதான் செபிக்கவேணும்" என்றார் போதகர்.

அன்று பின்னேரமே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு வாலிபரோடு வாய்க்காலில் இறங்கினார்.

அன்ரி வேலியோரம் நின்று பார்த்தார். இனியும் ஏமாற்றக்கூடாது என்று பக்கத்தில் போனேன். உண்மை தெரிந்தால் எல்லாரையும் கலைத்துவிடுவாரோ?

"அன்ரி, நாங்கள் அந்தச் சபை இல்லை. வேதக்காரற்றை சபை."

"எனக்கு அண்டைக்கே தெரியும். பிரதேச சபை ஆக்கள் இடுப்பிலை பிள்ளையோடையோ வாறவை?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் ஏன் சொல்லேல்லை?"

அன்ரி என் கையிலிருந்த கொப்பியைத் தட்டினார். "சரி, எழுதும். ஒழுங்கை முகப்பிலை லைற்றும் எரியேல்லை."

எழுதினேன். போதகருக்கு ஏணி ஏறத் தெரியுமா என்பதுதான் இப்போது என் கவலை.