எத்தனையாவது வளைவில் விரல் மடங்கும்?

ஒரே ஆளுக்கு இரண்டு முறை 'நார்மல்' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் மெஷின் சரியாகத்தான் சொன்னது. இரண்டு முறையும் அந்த அம்மாவின் மூட்டுகள் உள்ளே அரிபட்டுக்கொண்டுதான் இருந்தன. இது எப்படி நடக்கும் என்று புதிதாக லேப் வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை. பெருமை வேறு சிலருக்கு.

தேனியில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அல்லிநகரத்தில் வீடு, நடந்து போகிற தூரத்தில் வேலை. ரத்தம் எடுப்பதில் கை சுத்தம் என்று பெயர். வாய்தான் கொஞ்சம் நீளம் என்றும் பெயர். இரண்டும் இந்தக் கதையில் வரும்.

1. நார்மல்

செல்லத்தாய்க்கு அப்போது நாற்பத்தொரு வயது. கம்பத்துக்காரர். விடியற்காலை ஜீப்பில் மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். டாக்டர் எழுதிய சீட்டில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர் என்று, உடம்பில் வீக்கமும் வாதமும் இருக்கிறதா எனப் பார்க்கிற மூன்று டெஸ்ட் இருந்தது. நல்ல சேலை, தலையில் பூ. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல வந்திருந்தார்.

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, எல்லாரிடமும் சொல்வது போல, "கையை மூடுங்கம்மா" என்றேன். மூடினார். நரம்பு எழும்பியது.

"விரலு மடங்க மாட்டேங்குது மேடம். காலையில கம்பு கணக்கா நிக்குது" என்றார்.

"இப்ப நல்லாத்தான மடங்குது?"

"இப்ப மடங்குது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வெளியே பதினைந்து பேர் நின்றார்கள்.

அவர் கை சுத்தமாக இருந்தது அன்றைக்கே என் கண்ணில் பட்டது. காய் எடுக்கிறவர்களுக்கு விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் கறுப்புக் கறை ஏறிக் கிடக்கும். கம்பம் பக்கத்துப் பெண்களிடம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த அம்மா கையில் கறையே இல்லையே என்று தோன்றியதோடு சரி.

எங்கள் மூட்டு டாக்டர் தேவதானப்பட்டிக்காரர். பெண் நோயாளி யார் வந்தாலும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். செல்லத்தாயின் ஒவ்வொரு விரல் கணுவையும் அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. என் ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். "இப்பைக்கு ஒண்ணும் தெரியல ஆத்தா. மூணு மாசம் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்தார். அதே சேலை, அதே பூ, அதே நார்மல். அன்றைக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "எல்லாம் வேலை அலுப்புத்தாம்மா. நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்றேன். என் வேலை ரிப்போர்ட் கொடுப்பது. அந்த வாக்கியத்தைக் கொடுக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

2. காதுகுத்து வீட்டில் ஒரு டம்ளர்

ஒரு மாதம் கழித்துக் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. காலை ஏழு மணி இருக்கும். காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் செல்லத்தாய்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். விரல் கணு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப இப்படி இல்லையேம்மா."

"அப்பத்தான் மாத்திரை போட்டுட்டு வந்தேனே" என்றார், இதெல்லாம் தெரியாதா என்பது போல.

"என்ன மாத்திரை?"

"இங்கன மெடிக்கல்ல கேட்டா குடுப்பாக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மூணு நா முந்தியே போட ஆரம்பிச்சிருவேன். வீக்கம் வத்திரும். மத்த நாளு தைலம்தான்."

"எதுக்கும்மா அப்படி?"

"பெரிய டாக்டரப் பாக்க வரையில வெளங்காத கையோட வந்தா நல்லாவா இருக்கும்? பஸ்ஸுல கம்பியப் புடிக்கணும். அவுக கையை நீட்டுன்னா நீட்டணும்."

பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பாதிப் பெயர் கிழிந்து போயிருந்தாலும் தெரிந்தது. ஸ்டீராய்டு.

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி ஒதுங்க வைப்போம் இல்லையா, அதைத்தான் செய்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் டாக்டரிடம் அப்படித்தான் வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

"டாக்டரும் ஒண்ணுமில்லன்னுட்டாக. நீங்களும் அலுப்புன்னு சொன்னீக. அப்ப எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

மீதியையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு மாதத்துக்கு மேலாகவே கங்காணி அவரைக் காய் எடுக்க விடவில்லை. மற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலைதான். கை வெளுத்துக் கிடந்த காரணம் அதுதான். "அடுத்த சீசனுக்குள்ள கை சரியாகலன்னா ஜீப்புல எடம் இல்லன்னுட்டாக. வீட்ல நான் ஒருத்திதான் சம்பாத்தியம். மக நர்ஸிங் படிக்கிது" என்றார்.

"அடுத்த வாரம் வாங்க. மாத்திரை போடாம வாங்க."

அவர் முகம் மாறியது. "வெளங்காத கையோடயா?"

"அந்தக் கையைத்தாம்மா டாக்டர் பார்க்கணும்."

3. டாக்டர் சொன்னது

மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அலுப்பு என்று நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தம்மா ஒண்ணையும் மறைக்கலயே. மடங்கலன்னு சொல்லுச்சு. கண்ணால கண்டத நம்புனோம், மெஷின் சொன்னத நம்புனோம், அது சொன்னத நம்பல" என்றார். "மொதத் தப்பு என் தப்பு. ஏதும் மாத்திரை போட்டியான்னு நாந்தான் கேட்டிருக்கணும்."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ டாக்டர்களிடம் வேலை பார்த்தேன். தவறு நடந்தால் முதலில் லேப்பைத்தான் கூப்பிட்டுக் குறை சொல்வார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. செல்லத்தாய் வந்த அன்றும் அந்த அம்மாவிடம் நேராகவே, "ரெண்டு தடவை உன்னைய சும்மா அனுப்பிட்டேன் ஆத்தா, என் தப்பு" என்று சொன்னார்.

4. எட்டாவது வளைவு

செல்லத்தாய் சொன்னபடி வந்தார். பூ இல்லை. வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். ஒரு முழங்காலும் வீங்கி, சுவரைப் பிடித்து நடந்தார். நான் பட்டையைக் கட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் "கையை மூடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். விரல்கள் பாதியில் நின்றன. அதற்கு மேல் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அப்படியே நரம்பைத் தேடி ரத்தம் எடுத்தேன்.

டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "காலையில எந்திரிச்சா எம்புட்டு நேரம் வெரலு மடங்காது?"

இதற்குச் சரியாகப் பதில் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் என்பார்கள், கொஞ்ச நேரம் என்பார்கள். செல்லத்தாய் சொன்னார்: "அஞ்சரைக்கு ஜீப்புல ஏறுவோம். அப்ப கம்பியப் புடிக்க முடியாது. பக்கத்துல இருக்கவ என் கையைக் கோத்துப் புடிச்சுக்கிருவா. மலை ஏறையில ஒவ்வொரு வளைவுலயும் மடக்கிப் பாப்பேன். நோவு மொத மொத வந்தப்ப மூணாவது வளைவுலயே மடங்கிருச்சு. ரெண்டு மாசத்துல அஞ்சாவது. இப்ப எட்டாவது வளைவு தாண்டணும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எட்டாவது வளைவுக்குப் போக எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஆளுகள ஏத்தி ஏத்திப் போகும்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

நோய் எங்கே ஆரம்பித்தது, எப்படிக் கூடியது, இன்றைக்கு எங்கே நிற்கிறது எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. எங்களிடம் மெஷின் இருந்தது, அவரிடம் கணக்கு இருந்தது. டாக்டர் கேஸ் ஷீட்டில் 'எட்டாவது வளைவு' என்று தமிழிலேயே எழுதினார்.

பிறகு முழங்காலிலிருந்து ஊசியால் நீர் எடுத்து என்னிடம் அனுப்பினார். நல்ல மூட்டு நீர் தெளிவாக இருக்கும். ஒரு சொட்டு விட்டால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி நூலாக நீண்டு இறங்கும். இது கலங்கலாக இருந்தது, தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழுந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இருநூறுக்குள் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் பதினெட்டாயிரம். பெரும்பாலும், கிருமியோடு சண்டைக்குப் போகிற நியூட்ரோஃபில். யூரிக் ஆசிட் படிகம் இல்லை, கிருமியும் இல்லை. கிருமியே இல்லாத இடத்தில் இத்தனை படை எதற்கு?

டாக்டர் லேப்புக்கே வந்து குனிந்து பார்த்தார். அவர் சொன்னதையும், நான் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூட்டின் உள்பக்கம் சைனோவியம் என்று ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதில் ஒரு வகை செல் குப்பையை அள்ளும். இன்னொரு வகை அந்தக் கொழகொழப்பைச் சுரக்கும். உடம்பின் காவல் செல்கள் சொந்த மூட்டையே அந்நியம் என்று தப்பாக எடுத்துக்கொண்டால் ஆர்.ஏ. என்கிற இந்த முடக்கு வாதம் தொடங்குகிறது. குப்பை அள்ளுகிற மேக்ரோஃபேஜ் செல்கள் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்று சமிக்ஞைப் புரதங்களை விடுகின்றன. அதைக் கேட்டு ரத்தக் குழாயின் உள்சுவர் பசை பூசியது போல ஆகிறது. ஓடுகிற நியூட்ரோஃபில் அதில் ஒட்டி, சுவரின் இடுக்கில் நுழைந்து மூட்டுக்குள் இறங்குகிறது. கொழகொழப்பு உடைந்து தண்ணீராகிறது. மெல்லிய உறை தடித்து வளர்ந்து குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பை அரிக்கிற செல்களையும் அது தட்டி எழுப்புகிறது.

விலாசம் தப்பு என்பதைத் தவிர அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. யாரும் பக்கத்தில் நின்று ஏவாமல், சமிக்ஞை வந்த இடத்துக்கு ஒவ்வொரு செல்லும் போய்ச் சேர்கிறது. வெள்ளை அணுக்களை எண்ணுவதே பிழைப்பாக இருந்தும், அன்றைக்குத்தான் கை வேலையை நிறுத்தி அதை வியந்து பார்த்தேன்.

என் 'நார்மல்' எப்படி வந்தது என்பதும் அப்போது புரிந்தது. அந்த ஐ.எல்.-6 ஈரலுக்குப் போய்ச் சொன்னால்தான் ஈரல் சி.ஆர்.பி.யைச் செய்யும். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து சமிக்ஞை தயாராவதையே அடக்கிவிடுகிறது. ஈரலுக்குச் சேதி போகவில்லை, சி.ஆர்.பி. ஏறவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லை. வளைவுக் கணக்கும் அப்படித்தான். ஐ.எல்.-6 விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். பொழுது ஏற ஏற விரல் இளகுவது அதனால்தான். ஜீப் ஏறுகிற நேரமும் உச்ச நேரமும் ஒன்றாக இருந்திருக்கிறது.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் வாதம் இல்லை என்று ஆகாது. இந்த வாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டுகிற ஆன்ட்டி சி.சி.பி. டெஸ்டுக்கு மதுரைக்கு ரத்தம் அனுப்பினோம். நன்றாகவே பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் இரண்டு விரல் கணுவில் சின்ன அரிப்பு தெரிந்தது. முதல் தடவை வந்தபோதே எடுத்திருந்தால் அது இருந்திருக்காதோ என்னவோ. அந்த நினைப்பு இன்றைக்கும் எனக்கு உண்டு.

5. கறை

டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். காவல் செல்களின் அந்தத் தப்பான வேலையை அடக்க, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை. தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஜீப் வராத ஞாயிற்றுக்கிழமைதான் மாத்திரை நாள் என்று செல்லத்தாயே முடிவு செய்தார். அது வேலை செய்யும் வரைக்கும் சில வாரம் தாங்குவதற்கு, அதே ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும்படி எழுதினார். சீட்டைப் பார்த்த செல்லத்தாய் சிரித்துவிட்டார்.

"இதத்தான டாக்டர் நானும் போட்டேன்?"

"நீ என்னைய ஏமாத்தப் போட்ட. இப்ப நோயை ஏமாத்தப் போடுற" என்றார் டாக்டர்.

மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வருவார். டாக்டரின் முதல் கேள்வி, "இப்ப எத்தனாவது வளைவு?" முதல் மாதம் ஆறு என்றார். அடுத்த மாதமும் ஆறுதான். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மாத்திரையைத் தவறவிடவில்லை, மெடிக்கல் பக்கமும் போகவில்லை. மூன்றாவது மாதம் இரண்டு. நாலாவது மாதம் வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை.

அந்த எட்டாவது வளைவு நாளிலிருந்தே, மூட்டு வலி என்று யார் வந்தாலும் ஊசியை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டேன்: இங்கே வருவதற்காக ஏதாவது மாத்திரை போட்டீர்களா? பதிலைச் சீட்டின் மேலேயே எழுதினேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. எத்தனை பேர் ஆமாம் என்றார்கள் தெரியுமா. ரிப்போர்ட் ஒரு நாளின் ரத்தத்தைத்தான் சொல்லும். அந்த நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை மனிதர்தான் சொல்லவேண்டும், நாம்தான் கேட்கவேண்டும். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

செல்லத்தாய் பத்து நாள் தாமதமாக ஒரு சாயங்காலம் வந்தார். லேப்பைப் பூட்டுகிற நேரம். நல்ல சேலை இல்லை. ஆண் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, தோட்டத்திலிருந்து இறங்கிய கோலத்தில் நேரே பஸ் ஏறியிருந்தார்.

"சீசன் ஆரம்பிச்சிருச்சுக்கா. லீவு போட முடியல" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனது என்று எனக்கு நினைவில்லை.

பட்டையைக் கட்டினேன். "கையை மூடுங்கம்மா" என்றேன். ஐந்து விரலும் இறுக மடங்கின. நகக்கண்ணெல்லாம் கறுப்பாக, நல்ல கறை.

ரத்தம் எடுத்து முடித்து, பட்டையை அவிழ்த்து ஊசியை உருவினேன். "போதும், கையைத் தொறங்க" என்றேன்.

"கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும்க்கா" என்றார்.

நான் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.